பிடரியில் கண்

என் பக்கத்தின் பெயர் 'கட்டிங் வேஸ்ட்'. பனியன் துணி வெட்டும்போது மேசைக்குக் கீழே விழுகிற துண்டுகளுக்கு எங்கள் திருப்பூரில் அதுதான் பெயர். இணையத்தில் அப்படி விழுகிற கோமாளிச் செய்திகளைப் பொறுக்கியெடுத்து, முகமூடி போட்டுக்கொண்டு, குரலை மாற்றி, ஒன்றரை நிமிடம் திட்டுவேன். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வாங்கி மாட்ட, அது ஒவ்வொரு கோழியையும் பார்த்து "அந்நியர் நுழைந்துள்ளார்" என்று நாள் முழுக்கக் கத்திய கதையைச் சொன்னேன். கல்யாண மண்டப வாசலில் வணக்கம் சொல்ல நிறுத்திய ரோபோ, சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை மறுபடியும் சாப்பிடக் கூப்பிட்ட கதையைச் சொன்னேன். முப்பத்தோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். முகமூடிக்குள் இருப்பது கீர்த்தனா என்று ஒருவருக்கும் தெரியாது. பகலில், வெளிநாட்டுக் கடைகளுக்கு இங்கிருந்து துணி வாங்கி அனுப்புகிற ஒரு பையிங் ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்களை நிரப்புகிற வேலை எனக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது ஒரு குழந்தை டி-ஷர்ட்டின் படம். பெங்களூரில் யாரோ ஒரு அப்பா இணையத்தில் வாங்கி, பிள்ளைக்குப் போட்டுப் படமெடுத்துப் போட்டிருந்தார். நெஞ்சில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது இது: "நிச்சயமாக! குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஓர் உற்சாக வாசகம் இதோ: சூரியனைத் துரத்து. இன்னும் குறும்பாக வேண்டுமா?" யாரோ சாட்பாட்டிடம் வாசகம் கேட்டு, அது சொன்ன பதிலைத் தலை முதல் கால் வரை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துப் பட்டியில் வேறு, 'பெருமையுடன் திருப்பூரில் தயாரித்தது'. எந்தக் கம்பெனி என்று நான் தேடவில்லை. புதிதாக ஒரு பிராண்டு பெயர் இருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

முதலில் ஓனரைத் திட்டித்தான் பேசினேன். போட்டுப் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி பேசினேன். "ஓனர, மேனேஜர எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பொட்டி பொட்டியா வெளிய போயிருக்குது. செக்கிங்ல உக்காந்திருந்த அக்காவுக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு?" சொல்லும்போதே கழுத்தைத் திருப்பி, பின்மண்டையை டி-ஷர்ட்டுக்கு முன்னால் காட்டி, "ம், பாஸ், பாஸ், பாஸ்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. போட்டேன். வியாழக்கிழமைக்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

என் அம்மா நாகஜோதி பத்தொன்பது வருஷமாக அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வந்த பீசில் குறை பார்த்துக் கழிக்கிற செக்கிங்கில் இருக்கிறாள். இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. 'செக்கிங் அக்கா' என்று சொன்னபோது மனதில் வந்தது அம்மா இல்லை, வேறு யாரோ ஒரு அக்கா. அவ்வளவுதான் என்னுடைய நேர்மை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிந்து மங்கலத்தில் இருக்கிற எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போட்டுத் திங்கக்கெழம குடுக்கோணுமாம். இங்கிலீஷா இருக்குது. என்னன்னு படிச்சுச் சொல்லு கண்ணு."

"எதுக்காம்?"

"ஏதோ டி-ஷர்ட்டு வெவகாரம். சின்னப்புள்ளைங்க போடறது. நானும் ரோஸ்மேரியும் இன்னொரு புள்ளையும் பாத்த லாட்டு."

காகிதத்தை விரித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி என்னுடையது. மின்சாரக் கட்டணத் தாளிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் வீட்டுக்கு வருகிற எல்லா இங்கிலீஷையும் நான்தான் படிப்பேன். அம்மா கீழே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள்.

படித்துத் தமிழில் சொன்னேன். "கீழே கையெழுத்திட்ட நான், கவனமில்லாமல் சரக்கைப் பாஸ் செய்ததை ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிக்கு ஏற்பட்ட கெட்ட பெயருக்கு நானே பொறுப்பு. நானாகவே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா முட்டியில் கையூன்றி எழுந்து வந்து, காகிதத்தின் நடுவில் விரலை வைத்தாள். "இந்த வரிய உட்டுட்டியே. உன்ற கண்ணு மேல இருந்து கீழ வந்துச்சு. இங்க வந்ததும் தாண்டிப் போயிருச்சு."

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஏ எது பி எது என்று தெரியாது. ஆனால் விட்டுப்போன இடம் தெரியும். அந்த வரியைப் படித்தேன். "சமூக ஊடகங்களிலும் சுட்டிக்காட்டப்பட்டது போல, செக்கிங் பிரிவு சரக்கைக் கண்ணால் பார்க்கவே இல்லை."

அம்மா அலமாரிக்குப் போய், என் துணிகளுக்குக் கீழே இருந்த முகமூடியை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். கடுகு மஞ்சள். கொரோனா சமயத்தில் கம்பெனியில் கழித்த துணியில் அவளே கையால் தைத்துக் கொடுத்தது. அதன் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. துணியில் பழுது இருக்கிற இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவார்களே, அது. அம்பு காட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. பின்னல் மிஷினில் ஒரு ஊசி கெட்டால் விழுகிற கோடு. ஐந்து வருஷமாகப் போட்டிருக்கிறேன், நான் பார்த்ததே இல்லை.

"எப்பம்மா தெரியும்?"

"புதங்கெழம சோத்து நேரத்துல. ரோஸ்மேரி போன்ல காட்டுனா. எல்லாருஞ் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன், நல்லாத்தான பேசுது புள்ளன்னு. அப்புறம் இந்தக் கோடு தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? அன்னிக்கு அது எங்க சரக்குன்னே தெரியாது. நேத்துத்தான் சார் அந்தப் படத்த நீட்டிக் கத்துனாரு. அப்பறம் ரோஸ்மேரி சோத்துல கைய வெச்சுக்கிட்டே சொன்னா, இவளப் பெத்தவ எவளோ, அவ வகுறு எரியோணும்னு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

இதைச் சொல்லும்போது அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பாத்திரத்தை வைத்தாள். எனக்குத் தரையில் ஒரு குழி இருந்தால் போதும் என்றிருந்தது.

பாலைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "பாக்காம ஒண்ணும் பாஸ் பண்ணல கண்ணு. மேசைக்கு மேல சாம்பிள் தொங்குது. ரித்தீஷ் தம்பி கையெழுத்துப் போட்டது. அதுல எப்பிடியோ அப்பிடியே இருக்கோணும். கடைசியில ஒரு கொக்கி இருக்குதில்ல, அதுக்குக் கீழ ஒரு புள்ளி. அந்தப் புள்ளி உழுகாதது மட்டும் பதினொரு பீசு. பதினொண்ணையும் நான் கழிச்சேன்."

கேள்விக்குறியின் புள்ளி. தப்பான வாசகத்தை ஒரு புள்ளி பிசகாமல் காப்பாற்றியிருக்கிறாள். ரித்தீஷ் என்பது ஓனரின் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து குழந்தைகள் பிராண்டு தொடங்கியவன். சாட்பாட்டிடம் கேட்டவன் அவன். ஒட்டியவன் அவன். சாம்பிளில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் அவன். அந்தச் சாம்பிளைக் கையில் எடுத்தவர்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். நான் திட்டியது படிக்கத் தெரியாதவளை. கல்லூரி முதல் வருஷத்தில் இங்கிலீஷ் வராமல் நான் அழுத அழுகைக்கு, கற்றுக்கொண்ட பிறகு செய்த காரியம் இது.

வீடியோவை அப்போதே நீக்கினேன். பிரயோஜனம் இல்லை. அதற்குள் நூறு பேர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒருவன் பாட்டுக்கூடச் சேர்த்திருந்தான்.

"திங்கக்கெழம நானும் வர்றேன். கையெழுத்துப் போடாத," என்றேன்.

"வேண்டாம். நீ வந்து பேசுனா ரோஸ்மேரிக்குத் தெரிஞ்சுரும்."

"போட்டா வேலை போயிரும்மா. அந்த ரோட்டுல வேற எந்தக் கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க."

"வேலை போனா ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கறேன். இத்தன வருசமா அவகூட உக்காந்து சோறு தின்னிருக்கறேன்."

அப்போதுதான் புரிந்தது, அம்மா காப்பாற்ற நினைத்தது அவள் வேலையை இல்லை, என்னை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வழக்கம்போல யாரையாவது பார்த்துத் திட்டலாம் என்றால், இந்த முறை திட்ட ஆள் நான் ஒருத்திதான் இருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் சரவணக்குமார் அறையில் நின்றோம். அம்மா, ரோஸ்மேரி, அந்த லாட்டைப் பார்த்த மூன்றாவது பெண், அம்மா தடுத்தும் கேட்காமல் கூடப் போன நான். மகள் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

"ஏனுங்கம்மா, கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா? ஊரே பாத்துச் சிரிக்குதுங்க. அந்த முகமூடிப் புள்ள கேக்கறதுல என்ன தப்பு? கரெக்ட்டாத்தான கேட்டிருக்குது," என்றார்.

"அது நான்தாங்க சார்," என்றேன்.

அவர் சிரித்தார். முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதே குரலில், "ம், பாஸ், பாஸ், பாஸ்," என்றேன். சிரிப்பு நின்றது. ரோஸ்மேரியின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

"நான் சொன்னது தப்புங்க சார். விசாரிக்காமப் பேசுனேன். செக்கிங்ல சாம்பிளப் பாத்து ஒப்பிடறதுதான் வேலை. சாம்பிள் மேசை மேல தொங்குது. கொண்டு வரச் சொல்லுங்க. அதுல யாரு கையெழுத்துன்னு பாத்துட்டு, அவங்க பேர இந்த லெட்டர்ல எழுதுங்க."

சாம்பிள் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. யார் கையெழுத்து என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி புதுசா ஆரம்பிச்சிருக்குதுங்க. அவருகிட்ட எப்பிடிங்க நான் போய்..." என்று இழுத்தார். பிறகு மூன்று காகிதங்களையும் வாங்கி மேசை டிராயருக்குள் போட்டார். "சரி, போய் வேலையப் பாருங்க. இத இதோட உட்டுருங்க. ஏம்மா, நீங்களும் இனி எதும் போட்றாதீங்க."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

வெளியே வந்ததும் ரோஸ்மேரி என் எதிரில் நின்றார். என்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர்.

"ஆண்டவர் மேல சத்தியமா, அது நீயின்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சாபம் விட்டிருக்க மாட்டேன் கண்ணு," என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

அம்மா தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் எங்கூட உக்காந்து தின்னியா?"

ரோஸ்மேரி தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார். அன்றிலிருந்து இருவரும் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள்.

மேனேஜர் சொன்னதைக் கேட்காமல், அன்று சாயங்காலமே முகமூடி இல்லாமல் ஒரு வீடியோ போட்டேன். செக்கிங் வேலை என்றால் என்ன, தப்பு எங்கே நடக்கும், நான் ஏன் பொய் சொன்னேன். கழித்த பதினொரு பீசையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் அறுநூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். முதல் கருத்து: "அக்கா, இதுல காமெடி எங்க?"

நேற்று அம்மாவும் நானும் மங்கலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரு போனுக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு?" என் குரல். பின்னால் அந்தப் பாட்டு. ஒருத்தி கழுத்தைத் திருப்பிக் காட்டி, "பாஸ், பாஸ்," என்றாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். "இது தப்பான வீடியோ. அந்த அக்கா தப்புப் பண்ணல. பேசுனது நான்தான். தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க."

போன் வைத்திருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைதட்டினாள். "செமயா மிமிக்ரி பண்றீங்கக்கா. அப்பிடியே அவங்க வாய்ஸ். இன்னொருக்கா பண்ணுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

அவள் போனை உயர்த்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

அம்மா பின்னாலிருந்து என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்தாள். "எறங்கற எடம் வந்துருச்சு கண்ணு. வா."

எங்கள் ஸ்டாப்புக்கு இன்னும் மூன்று ஸ்டாப் இருந்தது. இறங்கி நடந்தோம்.