மீட்டர் ஓடும் வீடு

கடவுள் தேசத்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குத் தும்மல் வந்திருக்க வேண்டும். பேனாவிலிருந்து நாலு சொட்டு மை நாலு பக்கம் தெறித்தது. ஒன்று கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஒன்று நாகப்பட்டினத்துப் பக்கம், ஒன்று ஆந்திராவில், ஒன்று கேரளத்தில். நாலுக்கும் சேர்த்துப் புதுச்சேரி என்று பெயர் வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கேரளத்தில் விழுந்த அந்தச் சொட்டுதான் மாகே. மின்துறையில் நான் மீட்டர் ரீடராக இருந்த காலம் முழுக்க அதிகாரிகள் கையில் இருந்த பெரிய ஆயுதம் அதுதான். "மணவாளன், மாகேக்குத் தூக்கிடுவேன்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே ஓய்வு பெறும்வரை நல்லவனாக இருந்து தொலைத்தேன்.

அந்த மாகேவுக்குத்தான் படிக்கப் போகட்டுமா என்று என் மருமகள் இளவரசி கேட்டாள்.

பாகூர் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. வீட்டில் அவளும் நானும் மட்டும். என் மனைவி முந்திக்கொண்டாள். மகன் புகழேந்தி கடலூர் சாலையில் பைக்கோடு விழுந்தவன், ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் கிடந்துவிட்டு அப்படியே போய்விட்டான். காரியம் முடிந்ததும் இளவரசியின் அண்ணன் வேன் வைத்துக்கொண்டு அவளை அழைத்துப்போக வந்தான். அவள் பீரோவைத் திறந்தாள், மூடினாள். "அடுத்த மாசம் வர்றண்ணா" என்றாள். மூன்று வருடமாகிறது, அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

அவள் டிப்ளமோ படித்த நர்ஸ். வில்லியனூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் கொய்யாப்பழமோ முருங்கைக்காயோ வாங்கிக்கொண்டு வந்து இறங்குவாள். பகல் முழுக்க நான் சேர்த்துவைத்த புளுகுகளை அவளிடம்தான் அவிழ்ப்பேன். ஏரியில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு விரால் துள்ளியது என்பேன். அது என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது என்பேன். ஆய்கிற கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் "அப்டியா மாமா" என்பாள். அந்த "அப்டியா மாமா" இருந்தால்தான் என் விரால் விரால். இல்லையென்றால் அது வெறும் கெண்டைப்பொடி.

டிப்ளமோ முடித்த நர்ஸ்கள் இன்னும் இரண்டு வருடம் படித்தால் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கலாம். போஸ்ட் பேசிக் என்பார்கள். அதைப் படிக்க வேண்டும் என்று அவள் சொன்ன அன்று என்னைவிட உயரமாகக் குதித்தவன் இந்த ஊரிலேயே இல்லை. "படி மா! கவர்னருக்கே நீதான் ஊசி போடணும்" என்றேன். எங்கள் பக்கம் நர்ஸிங் கல்லூரிக்கா பஞ்சம்? கல் விட்டெறிந்தால் ஏதாவது ஒரு கல்லூரி பஸ்ஸின் கண்ணாடிதான் உடையும். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவாள். என் விராலுக்கு ஒன்றும் ஆகாது.

கல்லூரி பார்க்க நானும் கிளம்பினேன். கட்டடத்தின் யோக்கியதையை அளக்க என்னிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது. வாசலில் தொங்கும் பேனர் எதை வேண்டுமானாலும் சொல்லும், பின்பக்கம் இருக்கும் மின்சார மீட்டர் பொய் சொல்லாது. லேபில் மெஷின்கள் நிஜமாகவே ஓடுகின்றனவா, சும்மா அடுக்கிவைத்திருக்கிறார்களா என்பதை அதிலிருக்கும் சிவப்பு விளக்கு சிமிட்டுகிற வேகத்திலேயே சொல்லிவிடுவேன்.

வில்லியனூர் பக்கம் முதலில் பார்த்த கல்லூரி, கல்யாண மண்டபம் ஒன்று அரண்மனையைக் கட்டிக்கொண்டு பெற்ற பிள்ளைபோல இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "ஸ்டூடண்ட்டோட அப்பாவா சார்?" என்றாள்.

"ஆமா" என்றேன். இளவரசி திருத்தவில்லை.

"சொந்த ஆஸ்பத்திரில எத்தன பெட் மேடம்?" என்று இளவரசி கேட்க ஆரம்பித்தாள். "ஐ.சி.யூ. போஸ்டிங் எங்க போடுவீங்க?"

"டை-அப் இருக்குது மா."

"எந்த ஆஸ்பத்திரியோட?"

"அது வருஷா வருஷம் மாறும்."

நான் நைசாக நழுவிப் பின்பக்கம் போனேன். அடேயப்பா! மீட்டர் விளக்கு பைத்தியம் பிடித்த மின்மினிபோல அடித்துக்கொண்டிருந்தது. என் சர்வீஸில் சர்க்கரை ஆலையில்கூட அப்படிப் பார்த்ததில்லை. மூச்சு வாங்க ஓடிவந்தேன். "இளவரசி, இங்கயே சேந்துடு. உள்ள எவ்ளோ மெஷின் ஓடுதுன்னு நெனைக்கிற!"

"அது சேர்மன் ரூம் ஏசி மாமா" என்றாள் காதருகில். "லேப நானு பாத்துட்டேன். ஊசி போட்டுப் பழகறதுக்கு ஒரு பொம்மதான் படுத்துனு இருக்குது. அதுக்கும் ஒரு கை இல்ல."

இரண்டாவதாகப் பார்த்தது பாகூர்ப் பக்கமே. சின்னதாக ஒரு சொந்த ஆஸ்பத்திரி, மரியாதையாகப் பேசுகிற ஆசிரியைகள், இரண்டு கையும் உள்ள பொம்மை. குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. சாயங்காலம் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும் என்று அவர்கள் சொன்ன மஞ்சள் பஸ்தான்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் மாகே வந்தது.

"அங்க ஒரு காலேஜ் இருக்குது மாமா. பெரிய ஆஸ்பத்திரி, அவங்களோடதே. ஐ.சி.யூ.லயே மாசக்கணக்கா போஸ்டிங் போடறாங்களாம். என் சீனியர் ஒருத்தி அங்கதான் படிச்சா."

என் மொத்தத் திறமையையும் இறக்கினேன். "மாகேவா? அங்க மழ ஒவ்வொரு சொட்டும் தேங்கா சைஸுக்கு வுழும் மா. கொழந்த பொறக்கறப்பவே கையில கொடையோட பொறக்கும். சோத்துப் பருக்க ஒவ்வொண்ணும் மல்லிமொட்டு மாதிரி, ரெண்டு முழுங்குனா வயிறு ரொம்பிடும். காப்பிலகூட தேங்கா எண்ணதான். ரயிலு வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. ஏறி ஒக்காந்தா எறங்கறதுக்குள்ள தல நரைச்சுடும்."

"நீங்க மாகே போயிருக்கீங்களா?"

"போகாமலே இவ்ளோ தெரியுதுன்னா, போனா எவ்ளோ தெரியும் பாரு!"

சிரித்தாள். கடலைத் தோலை ஊதிவிட்டாள். அப்புறம் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்குக் கண்ணாடி வழியா பாத்துனு நின்னேன் மாமா. அவருக்கு வச்சிருந்த வென்டிலேட்டர்ல நம்பர் மாறினே இருந்துச்சு. நானும் நர்ஸுதான். எது ஏறுனா நல்லது, எது எறங்குனா நல்லதுன்னு எனக்கு ஒண்ணும் புரியல. வெளிய எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துனு இருந்தாங்க."

அப்படிப் பார்த்தவர்களில் முதல் ஆள் நான். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று, மீட்டரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பஸ் வரும்வரை என் வாயில் ஒரு புளுகும் வரவில்லை.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் கம்ப்யூட்டரில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குப் பாகூர்க் கடைத்தெருவில் பஷீர் அகமதுவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். பஷீர் என் பள்ளிக்கூடத் தோழன். கம்ப்யூட்டர் முன்னால் அவன் மகள் அஸ்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஃபர்ஸ்ட் சாய்ஸ் எது அக்கா?" என்றாள்.

"பாகூர் காலேஜே போடு" என்றாள் இளவரசி, என் பக்கம் திரும்பாமல்.

"மாகே?"

"ரெண்டாவதா... இல்ல, வேணாம். எடுத்துடு."

என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியாது. பஷீர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்னாடா மணவாளா, எண்ணச்சட்டில போட்ட பூரி மாதிரி உப்புற?" என்றான். உப்பினேன்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூரையில் போய் முட்டியிருப்பேன்.

"ஏங்க்கா, மாகேதானே ஆசையா சொல்லினு இருந்தீங்க?" என்றாள் அஸ்மா.

"மாமாவுக்கு பிரஷர் இருக்குது. தனியா வுட்டுட்டு எப்டி?"

சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற முகம். அன்றைக்குப் போலவே எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அஸ்மா, பஷீர், நான்.

"யாரு தனியா?" என்றேன். என் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "அமிர்தம் அக்கா பூரணாங்குப்பத்துல இருந்து வூட்டோட வந்துடப்போவுது! பேரப்புள்ளைங்க, மாடு, கன்னு, கோழி, எல்லாம் மூட்ட கட்டியாச்சு. உன் ரூம அக்காவுக்குக் குடுக்கணும் மா. உன்ன எப்டிடா வெளிய அனுப்பறதுன்னு நானே முழிச்சினு இருந்தேன்."

என் அக்கா அமிர்தம், மாட்டை விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டாள். சொந்த மகள் கல்யாணத்தன்றே பால் கறக்க வீட்டுக்கு ஓடியவள். இதெல்லாம் பஷீருக்கும் தெரியும். ஐந்து வேளையும் தொழுகிறவன், தாடியைத் தடவிக்கொண்டு என்னை ஒரு முறை பார்த்தான்.

"ஆமா மா" என்றான். "வண்டிக்கு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்."

இளவரசி என் பக்கம் திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாடு கூடவா மாமா?"

"மாடுதான் மொதல்ல வருது."

"அஸ்மா," என்றாள், "மாகேவ ஃபர்ஸ்ட் போடு."

இடம் கிடைத்தது. புதுச்சேரி ரயில் நிலையத்தில் வண்டி கிளம்பியபோது நான் கையாட்டிய ஆட்டலில் பிளாட்பாரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. அவள் ஜன்னலிலிருந்து, "மாத்திரைய மறக்காதீங்க" என்றாள். வேறு ஏதோகூடச் சொன்னாள், காதில் விழவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், பெரிதாக்க ஒன்றுமே நடக்கவில்லை. சாயங்காலம் தெருமுனையில் அந்த மஞ்சள் பஸ் வந்து நிற்கும். யார் யாரோ இறங்குவார்கள். ஒரு முருங்கைக்காயை ஒரு ஆளுக்கு எப்படிச் சமைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஏரியில் மீன்கள் துள்ளின. எல்லாம் மீன் அளவுக்கே இருந்தன.

ஒரு நாள் மீட்டர் பார்க்க அரிகரன் வந்தான். இப்போது இந்தப் பக்கத்துக்கு அவன்தான் ரீடர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னா சார், ஊருக்குப் போயிருந்தீங்களா? யூனிட்டே ஏறல. பூட்டிக் கெடந்த வூடு மாதிரி இருக்குது."

"உள்ளதான்யா இருந்தேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் இளவரசி ஃபோன் செய்யும் நேரத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டேன். எல்லா ஃபேனையும் சுழலவிட்டேன். டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். மீட்டர் விளக்கு ஜோராகச் சிமிட்ட ஆரம்பித்தது. அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

"பெரியத்த எங்க மாமா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுது மா."

"இன்னா சத்தம் அது?"

"பசங்க டி.வி. ரிமோட்டுக்கு அடிச்சிக்கிறானுங்க. டேய், ஆளுக்கு ஒதைதான்!" என்று காலி நாற்காலியை அதட்டுவேன். ஒரு நாள் அக்கா சட்னி அரைப்பதற்காக வெறும் மிக்ஸியை ஓட்டினேன். இன்னொரு நாள் கொல்லைப்பக்கம் போய் நானே மாடுபோலக் கத்தினேன். எதிர்வீட்டு நிஜ மாடு பதில் சொன்னது. அவ்வளவு நேர்த்தி.

"உனக்கு எப்டி மா இருக்குது அங்க?"

"ஒரே கூத்து மாமா. ரூம்ல எல்லாரும் எங்கூடவே ஒட்டினு இருக்காளுங்க. பாட்டு, டான்ஸு. படிக்கவே வுட மாட்டேங்கறாளுங்க."

"அப்டிதான் இருக்கணும்" என்பேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. டி.வி., ஃபேன், விளக்கு, பசங்கள், அக்கா, மாடு, எல்லாம் ஒரே நொடியில் நின்றன. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அந்தப் பக்கமும் சத்தமில்லை. தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது. பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை. அங்கே ஓர் ஆள் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். புளுகில் இத்தனை வருட சர்வீஸ் போட்டவனுக்கு அது புரியாதா?

"கரண்ட் போயிடுச்சா மாமா?"

"ஆமா மா. புள்ளைங்க பயந்து போயி சத்தம் காட்டாம ஒக்காந்துனு இருக்குதுங்க."

"இங்கயும் எல்லாரும் இப்பதான் சாப்பிடப் போனாங்க."

"சரி மா."

தடவித் தடவிப் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ஐ.சி.யூ.ல ஒருத்தருக்கு வென்டிலேட்டர் மாமா. அவங்க வூட்டம்மா கண்ணாடிக்கு வெளிய நின்னுனு இருந்தாங்க. நான் வெளிய போயி, எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல, எந்த நம்பர் ஏறணும், எது எறங்கணும்னு காட்டிச் சொன்னேன். என் கைய புடிச்சிக்கினாங்க."

இருட்டில் செம்பைத் தேடி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"அங்க மழ ஜாஸ்தியா மா?" என்றேன்.

"ஐயோ, கேக்காதீங்க மாமா" என்றாள். "ஒவ்வொரு சொட்டும் தேங்கா சைஸுக்கு வுழுது. காலைல ஒண்ணு ஹாஸ்டல் கூரைய ஒடைச்சினு உள்ள வந்து எங்கூட ஒக்காந்து டிபன் சாப்டுட்டுப் போச்சு."

"அப்டியா மா" என்றேன்.