இடுப்பளவு மண்

செங்கல்லைக் கையில் கொடுத்ததும் மேஸ்திரியின் முகம் தெளிந்தது. சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில் நிற்காத மனிதர், தன் வீட்டின் பின்புறம் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நூல் பிசகாமல் பாத்தியைக் கட்டி முடித்தார். நெடுநேரம் குனிந்தால் தலை சுற்றி விழுந்துவிடுகிறார். நின்றபடியே மண்ணைக் கிளறட்டும் என்று அவர் மனைவி செய்த ஏற்பாடு அது. அடியில் சருகு, மேலே செம்மண்ணும் மக்கிய எருவும். ஓரமாகத் தக்காளி, நடுவில் கீரை, வெயில் விழும் பக்கம் சாமந்தி.

மகள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "அன்னிக்கு அப்பா கேஸைத் திறந்து விட்டுட்டாரு. இன்னும் எத்தனை நாளைக்கும்மா இவரோட மல்லுக்கட்டுவே? நல்ல முதியோர் இல்லமா பாத்து வச்சிருக்கேன்."

"செடி வரட்டும்டி. கை வேலை இருந்தா மனுஷன் தெளிஞ்சிடுவாரு. அப்புறம் பேசலாம்."

செடி வந்தது. ஒருநாள் மனைவி கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாத்தி மொட்டையாகிக் கிடந்தது. பிடுங்கிய நாற்றுகள், வேர் மண் உதறி, சுவர்மேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"ஒரு களை விடல," என்றார் பெருமையாக.

அவள் ஒரு நாற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். "சுத்தமா இருக்கு," என்றாள். மகள் போனில் கேட்டபோது, "நல்லா வளருது" என்று சொல்லி வைத்தாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் புதிய விதையோடு வந்தவளைக் கண்டதும், பாத்தியருகே நின்றவர் மரியாதையாக ஒதுங்கினார். "வாங்க. யாரைப் பாக்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து 'வாடி, போடி' தவிர வேறறியாத வாய். அவள் ஓரடி முன்னால் வந்தாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணில் இருந்த அந்நியத்தைப் பார்த்ததும், பொட்டலத்தை நீட்டினாள்.

"விதை கொண்டு வந்திருக்கேன்."

"அதுக்கென்ன, போட்டுடலாம்."

அவர் விரலால் கோடு கிழிக்க, அவள் தூவினாள். செம்பில் தண்ணீர் மொண்டு வந்தபோது அவர் குறுக்கே கை நீட்டினார்.

"தண்ணி மட்டும் வேணாம்மா. இது என் பொண்டாட்டிக்காகக் கட்டினது. அவ கையால ஊத்தட்டும்."

"எப்ப வருவாங்க?"

"வந்துடுவா. என்னை விட்டுட்டு ரொம்ப நேரம் இருக்க மாட்டா."

பக்கத்துச் சந்து வழியே தெரிந்த வாசல் கேட்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்த செம்பைத் தளும்பாமல் இரண்டு கைகளாலும் பிடித்தபடி, பக்கத்தில் நின்று அவளும் அந்தக் கேட்டையே பார்த்தாள்.