பெட்டிக்குள் இருந்த புருஷன்

அந்த நாவலைக் கல்லூரி நாட்களில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள்தான் அதைப் படமாக்கிய படப்பிடிப்பில் பாதிப் பேர். கதையில் பழைய காலத்துப் பிரபு ஒருவர், மனைவியை வேவு பார்க்கத் துணிப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறார். விஷயம் தெரிந்த மனைவியோ, அந்தப் பெட்டிமேலேயே காதலனை இழுத்து உட்காரவைத்துக் கொஞ்சுகிறாள். பிரபு உள்ளிருந்து ஆத்திரமாகத் தட்ட, அவள் எலி என்று சமாளிக்க வேண்டும். அன்று எடுத்தது அந்தக் காட்சியைத்தான்.

மனைவியாக நடித்தவளுக்கு இது முதல் படம். எல்லாரும் அவளை 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். காலையிலிருந்து சிரித்துச் சிரித்தே டேக்குகளைக் கெடுத்திருந்தாள்.

"இன்னொரு தடவை நீயா டேக்கை நிறுத்தினேன்னா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவளுக்கு முகம் செத்துவிட்டது.

பிரபு வேடக்காரரை எல்லாரும் சித்தப்பா என்பார்கள். "அவன் கிடக்கான் விடும்மா. நீ பாட்டுக்கு மேல ஆடு" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் இறங்கினார். மூடிமேல் கனமான பட்டுத்துணியை விரித்தார்கள்.

கேமரா ஓடியது. உள்ளிருந்து தட்டல்.

"என்ன சத்தம்?" என்றான் காதலன்.

"எலி."

"இவ்வளவு பெருசாவா?"

"பயப்படாதீங்க. அதுக்குப் பல்லு விழுந்து ரொம்ப நாளாச்சு."

லைட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். காதலன் அவளைத் தோளோடு இழுத்துக் குலுக்கினான். பெட்டி ஆடியது.

ஒத்திகையில் சித்தப்பா வசனத்துக்குப் பதில் சொல்வதுபோல் இடம் பார்த்துத் தட்டுவார். இப்போது தட்டல் வசனத்தின் நடுவில் வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. அவள் தொடைக்கு அடியில் மரத்தை நகம் பிறாண்டியது. மனுஷன் பிய்த்து உதறுகிறார் என்று டைரக்டர் பூரித்துப்போயிருந்தார். அது நடிப்பாகவே இருந்து, தான் எழுந்துவிட்டால் வேடம் போய்விடுமே? அவள் அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

அப்புறம் ஒரே ஒரு தட்டல், கை நழுவி விழுந்ததுபோல.

அவள் எழுந்துவிட்டாள்.

"கட்! ஏய், உனக்கு என்ன..."

அவள் காதலனைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் துணியை உருவி எறிந்தாள். குலுக்கிய குலுக்கலில் வெளித்தாழ்ப்பாள் விழுந்து இறுகியிருந்தது. நெம்பியதில் நகம் ஒடிந்தது. "தொறக்க வரலை. யாராவது வாங்களேன்." குரல் கீச்சிட்டது. தச்சர் உளியோடு ஓடி வந்து கீலைப் பெயர்த்தார்.

சித்தப்பாவைத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள். பொய்முடி கண்ணை மறைத்திருந்தது, முகம் சாம்பல் பூத்திருந்தது. மூச்சுக்காக மூடியில் போட்டிருந்த ஓட்டைகளை அந்தப் பட்டுத்துணி மூடியிருக்கிறது. அவள் பாவாடைக் கரையால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மூச்சு சீரானதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லா வந்துச்சா?"

"செத்துத் தொலைஞ்சிருப்பீங்க. கேக்கறதைப் பாரு" என்றவள் அப்படியே உடைந்து அழுதாள். டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை, இன்று ஓய்வு என்றார்.

மறுநாள் காலை சித்தப்பாவே முதல் ஆளாய்ப் பெட்டியருகே நின்றார். அவள் டைரக்டரிடம் போனாள்.

"தாழ்ப்பாளைக் கழட்டணும். துணி வேண்டாம். இல்லேன்னா நான் உக்காரமாட்டேன்."

டைரக்டர் தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார்.

தட்டல்கள் வரவேண்டிய இடத்தில் வந்தன. எலி வசனத்துக்கு அத்தனை பேரும் சிரிப்பை அடக்கினார்கள். அவள் மட்டும் ஒரு காலைத் தரையில் அழுந்த ஊன்றி, முழு எடையும் பெட்டிமேல் விழாமல் பார்த்துக்கொண்டாள். டைரக்டருக்கு அது தெரிந்தது. காலை எடு என்று அவர் சொல்லவில்லை.