ஜெய்தூன் பீவி வைத்த சோறு

1957ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த மீரான் ராவுத்தரின் வீட்டில், மூத்த மகன் அப்துல் லத்தீப்பின் தட்டில் மட்டும் சோறு அரிசியாக மாறியது. ஒரே பானையில் வடித்த சோறுதான். அடுப்படியில் ஆவி பறக்கப் போட்டுக் கொண்டுவந்த தட்டை அவன் முன்னால் வைத்தபோது அது பச்சரிசி மாதிரி கலகலத்தது. கறித்துண்டு ரத்தம் கசிந்து கிடந்தது. பக்கத்தில் அத்தா மீரான் ராவுத்தரும் தங்கைகள் கமர்ஜஹானும் குர்ஷித்தும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லத்தீப்புக்கு முந்தின நாள்தான் இருபது வயது நிறைந்திருந்தது. கையில் வேலை எதுவும் இல்லை. சைக்கிள் வாங்கித் தரவில்லை என்று அத்தாவிடம் கோபம் மட்டும் இருந்தது.

மீரான் ராவுத்தர் இதை அல்லா தனக்குச் செய்த உதவி என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மகனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வைக்கச் சொல்லி, அவன் அதைப் பார்ப்பதை உட்கார்ந்து பார்த்தார். செய்தி பரவியதும் எதிர்த்தெரு அருளப்பன் வேலைவெட்டி இல்லாத தன் மகனைக் கூட்டிவந்து, இவனுக்கும் ஒரு தட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பையனுக்குச் சோறு சோறாகவே இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டு, வெஞ்சனம் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். லத்தீப் கடைக்குப் போனாலும் வாழைப்பழம் கையில் பச்சைக்காயாகி வாயில் துவர்த்தது. ஒன்பதாம் நாள் தரகர்களோடு அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு நடந்தான். அங்கே கட்டுத்தறி கூட்டி, ஆடு பிடித்து, முதல் கூலியில் வாங்கிவந்த அரிசியை அவன் அம்மா ஜெய்தூன் பீவி பொங்கிப் போட்டாள். அது சோறாகவே இருந்தது. அதன் பிறகு லத்தீப் யாருக்கும் பயப்படவில்லை. யாரிடமும் அன்பாகவும் இல்லை.

அந்த நாட்களில் ஜெய்தூன் தன் தட்டையும் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் சோறு ஒரு நாளும் மாறவில்லை. தான் உழைத்துத்தான் தின்பதாக எங்கோ எழுதியிருக்கிறதா, இல்லை, தன்னை வளர்ந்த ஆளாகவே யாரும் எண்ணவில்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்க ஆள் இல்லாததால் சாப்பிட்டாள்.

1961இல் கமர்ஜஹானுக்கு இருபது முடிந்தது. பெண்பிள்ளைக்கு அப்படி ஆகாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மறுநாள் அவள் தட்டு கலகலத்தது. லத்தீப் தன் சோற்றிலிருந்து ஒரு கை வைத்தான், அதுவும் அரிசியானது. பேசி வைத்திருந்த கல்யாணத்தை முடித்துவிட்டால் புருஷன் வீட்டுச் சோறு வேகும் என்று நாளை முன்னால் இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த லட்டு அவள் வாயில் பச்சை மாவாகக் கொட்டியது. அவர்கள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்சந்தில் பெருமாயி என்பவள் வீடுவீடாகப் புளி மூட்டை கொடுத்துக் கொட்டை எடுக்கச் சொல்லிக் கூலி தருவாள். கமர்ஜஹானுக்கு அந்த வேலையைக் கேட்கலாமா என்று ஜெய்தூன் கணவரிடம் பேசிப் பார்த்தாள்.

“பொம்பளப் புள்ள சம்பாதிச்ச சோறு இந்த வீட்டுல வேகாது. கெடந்து சாகட்டும், அது கௌரவமா இருக்கும்” என்றார் மீரான் ராவுத்தர். பிறகு சோற்றில் ஊற்றிய ஆணத்தில் உப்பு குறைவு என்றார்.

ஜெய்தூன் புளியைத் தானே வாங்கினாள். அவர் மண்டிக்குப் போனதும் நாள் முழுக்கத் தட்டி, கொட்டையும் நாரும் எடுத்து, விரல் நுனிகள் வெந்துபோகக் கிடைத்த கூலியை மகளின் உள்ளங்கையில் வைத்து மூடி, இது நீ சம்பாதித்தது என்று சொன்னாள். அந்தக் காசில் வாங்கிய அரிசியும் மகளின் தட்டில் அரிசியாகவே கிடந்தது. தாயின் பாசம் அங்கே எடுபடவில்லை. பதினோராம் நாள் கமர்ஜஹானின் வளையல்கள் முழங்கை தாண்டி ஏறின.

அய்யலூர்ச் சந்தை நாளில், ஆண்கள் இருவரும் கிளம்பிய பிறகு, ஜெய்தூன் மகளுக்கு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, பெருமாயி நிற்கிறாள் பார் என்று பின்வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பெருமாயியின் தங்கை வேலை பார்த்தாள்; அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகப் பேச்சு. கமர்ஜஹான் அதுவரை தெருமுனையைத் தனியாகக் கடந்ததில்லை. வெகுநேரம் கதவைத் தட்டினாள்.

“அம்மா, தொறங்கம்மா. ஒரு ஓரமாக் கெடந்துக்கறேன்.”

“இங்க கெடந்தா மையத்தாத்தான் வெளிய போவே. போ.”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

ஜெய்தூன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டும் ஒவ்வொரு முறையும் அது அவள் முதுகெலும்பில் விழுந்தது. தட்டுவதில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று அவள் மனம் கணக்குப் போட்டது. மில் வரைக்கும் தாங்கும் என்று பட்டது. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் சத்தம் நின்றது.

மீரான் ராவுத்தர் அவளை அடிக்கவில்லை. அவள் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டே ஆறு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தார்.

1964இல் ஜெய்தூன் ஒரு முறை பஸ் ஏறி வேடசந்தூருக்குப் போனாள். மில் வேலை முடிந்து வந்த கமர்ஜஹான் தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு வாசலை மறித்து நின்றாள். உள்ளே சோறு கொதிக்கும் வாசம் வந்தது.

“என்னமும் வேணுமா?”

“இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“பாத்தாச்சுல்ல.”

திரும்பும் பஸ்ஸில் ஜெய்தூன் அழவில்லை. மகளின் கைகள் உருண்டு திரண்டிருந்ததையே நினைத்துக்கொண்டு வந்தாள். தன்னை வெறுப்பதற்கு வேண்டிய பலம் அந்த உடம்பில் இருந்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

1967இல் கடைசி மகள் குர்ஷித்துக்கு இருபது முடிந்தது. மறுநாள் மதியம் வீட்டில் ஆண்கள் இல்லை. குர்ஷித் தட்டைப் பார்க்கப் பயந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு ஓதியபடி உட்கார்ந்திருந்தாள். ஜெய்தூன் தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆவி அடங்கும் வரை காத்திருந்தாள். சோறு சோறாகவே இருந்தது.

அவள் தட்டைச் சத்தமில்லாமல் எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள். மூட்டையிலிருந்து இரண்டு கை அரிசியை வேறு தட்டில் அள்ளி வந்து வைத்தாள்.

“கண்ணத் தொற” என்றாள்.

குர்ஷித் பார்த்தாள். பிறகு எழுந்து கைகழுவி, வேடசந்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஜெய்தூன் நேரத்தைச் சொன்னாள்.

அவள் போன பிறகு, அடுப்படியில் இருந்த சோற்றை ஜெய்தூன் நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சாயங்காலம் கேட்டவர்களிடம், அவளுக்கும் அரிசியாகிவிட்டது என்றாள். அந்த வீட்டில் அப்படித்தான் என்று தெரிந்திருந்ததால், தெருவில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.