பார்க்காமல் போட்ட கோடு

எனக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தது என் மகள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, ‘அவ கத்துக்கொடுத்ததை அவ மேலேயே காட்டினியா’ என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தக் கேள்வியை என்னை நானே கேட்டு அலுத்துவிட்டேன்.

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். கம்பிவலை போட்ட ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே மெக்கானிக்குகள். சீட்டை நீட்டினால் பல்போ போல்ட்டோ பிரேக் லைனிங்கோ எடுத்துக் கொடுக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஈ ஓட்டுகிற உத்தியோகம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு தேவைப்பட்டது என்றால் அது குற்றமா?

மகளுக்கு அப்போது பதினாறு வயது. சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்தி மாங்கா வரைவாள். ஜப்பான் காமிக்ஸ். முதல் நாள் நான், “மாங்காய்க்கு எதுக்குடி கண்ணு மூக்கு?” என்று கேட்டேன். இதைக் கேட்ட பதினெட்டாவது ஆள் நான் என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அவ்வளவு திமிர்.

“வாங்க, நீங்களும் போடுங்க. ஒரு வட்டம். நடுவுல நேரா ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு. அந்தக் குறுக்குக் கோட்டு மேலதான் கண்ணு உக்காரணும். முதல்ல லேசா போடுங்க, அப்புறம் அழிக்கணும்.”

நான் அழுத்திப் போட்டேன். அழித்தால் தாள் கிழிந்தது. நான் வரைந்த பெண்கள் எல்லாம் பேயைப் பார்த்து மிரண்டவர்கள் மாதிரி வந்தார்கள். ஒரு மாதம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

“உங்க கை இதுக்கு இல்லப்பா. நீங்க ஆளைப் பார்த்து கிண்டலா போடற கார்ட்டூன் போடுங்க. அது உங்களுக்கு வரும்.”

அதற்கும் அவளே ஒரு வீடியோ தேடிக் கொடுத்தாள். அதில் ஒரு குண்டு ஆசாமி ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு முகத்தில் எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதைப் பிடி, அதை இரண்டு மடங்காக்கு, மற்றதை விட்டுவிடு. எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. மற்றவர்களிடம் எது கோணல் என்று பார்ப்பதற்கு எனக்கு யாரும் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

டிப்போவில் என் கொடி பறந்தது. ஃபோர்மேனின் மூக்கை ஒரு பஸ்ஸின் முன்பக்கத்துக்கு நீட்டினேன். டயர் செக்‌ஷன் ஆளின் தொப்பைக்கு ஸ்டெப்னி மாட்டினேன். சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து நோட்டீஸ் போர்டில் குத்திவிடுவேன். டீ நேரத்தில் கூட்டம் கூடி வயிறு வலிக்கச் சிரிக்கும். பேட்டரி ரூமில் ஒருவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி உண்டு. அதையும் வரைந்தேன். மறுநாளிலிருந்து அந்த ஆள் கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். ரசிக்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளின் நோட்டைப் புரட்டுவேன். பக்கத்துக்குப் பக்கம் பெண்கள். முகத்தில் பாதி கண், கண்ணுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி, மூக்குக்கு ஒரு பொட்டு, வாய்க்கு ஒரே ஒரு சின்னக் கோடு.

“எல்லாம் ஒரே ஃபேக்டரில செஞ்ச மாதிரி இருக்கு. நிஜத்துல எவளுக்குடி வாய் இப்படி இருக்கும்?”

“இருக்காதுப்பா. அதுக்குத்தானே வரையறது.”

அவள் மேலுதடு பிளந்து பிறந்தவள். மூன்று ஆபரேஷன். தைத்த இடம் இடது மூக்கோட்டையின் அடியிலிருந்து உதடு வரை ஒரு தழும்பாக இறங்கும். அந்த இடத்தில் உதடு கொஞ்சம் மேலே இழுத்திருக்கும். பேச்சில் குறை கிடையாது. வெளி ஆட்களிடம் பேசும்போது மட்டும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வாள். வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. அதெல்லாம் முடிந்துபோன சமாச்சாரம்.

என் அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டு ஹால் பெரிது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு இங்கே என்று முடிவானது. அன்று காலையில் நான் வராந்தாவில் உட்கார்ந்து பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னிக்கு எல்லாரையும் வரையப் போறீங்களாப்பா?”

“பின்னே? அத்தான் போன்லயே சொல்லிட்டாரு, கச்சேரி வேணும்னு.”

“என்னை மட்டும் வரையாதீங்க.”

“ஏன்டா?”

“சும்மாதான். வேணாம்.”

“சரி.”

“சரின்னா, நிஜமா சரியா?”

“ஏய், அப்பா சொன்னா சொன்னதுதான். போய் அம்மாவுக்கு உதவி பண்ணு.”

அவள் போய்விட்டாள். எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே புரிந்தது.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து பாயை விரித்தேன். அத்தானின் வழுக்கையில் ஒரு விமானத்தை இறக்கினேன். அக்காவின் கொண்டையை அவளைவிட உயரமாக்கினேன். ஆளாளுக்குத் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். என் மனைவியின் புருவத்தை வில்லாக வளைத்தபோது அவளே சிரித்துவிட்டாள். நான் வானத்தில் மிதந்தேன். ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்குக் கைதட்டல் என்றால் என்னவென்று அனுபவித்தால்தான் தெரியும்.

அப்போதுதான் மகள் தண்ணீர்த் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். அத்தானின் கண் அவள் மேல் விழுந்தது.

“என்ன மாப்ளே, ஊரையே கிழிச்சித் தொங்கவிட்டீங்க. சொந்தப் பொண்ணுன்னா மட்டும் கை நடுங்குதோ?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான்.”

“ஒண்ணுமில்லன்னா போடுங்க. பயந்தாங்கொள்ளி கலைஞனா நீங்க?”

நாலு பேர் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. மகள் தட்டைப் பிடித்தபடி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

“ரெண்டே நிமிஷம். இப்படி உக்காரு பாப்பா,” என்றேன்.

அத்தனை பேர் முன்னால் அவள் என்ன செய்வாள்? உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியையும் பின்னலையும் பெரிதாகப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், சத்தியமாக. கண்ணாடியை இரண்டு ஜன்னலாகப் போட்டேன். பின்னலை மேஜைக் காலில் சுற்றினேன். எட்டிப் பார்த்த அக்கா, “யாருடா இது? நம்ம பாப்பா மாதிரியே இல்லையே,” என்றாள். அத்தான் ‘ப்ச்’ என்றார். அந்த ‘ப்ச்’ என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படத்தில் சாயல் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஒரு அரிப்பு எடுக்கும். இன்னும் ஒரு கோடு போட்டால் ஆள் வந்துவிடும் என்று கைக்குத் தெரியும்.

போட்டேன். மூக்கிலிருந்து உதடு வரை, இரண்டு மடங்காக. உதட்டைக் கூடாரத் துணி மாதிரி மேலே தூக்கிக் கட்டினேன்.

“அய்யோ, அப்படியே இருக்கா!” என்றாள் அக்கா. அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள். அத்தான் போனை எடுத்துப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டும் விட்டார். மகள் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குப்பா,” என்றாள். காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றுகூட விழவில்லை.

நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“வேணாம்னு அவ காலையிலயே சொன்னாளா இல்லையா?”

“சொன்னா. விளையாட்டுக்குத்தானே? படத்தைப் படமா பாரு. உன் புருவத்தையும்தான் போட்டேன், நீ சிரிக்கலையா?”

“என் புருவத்தை எவனும் கத்தி வச்சு அறுக்கல. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அவளைத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது நீங்க. பத்து பேர் கைதட்டினா பெத்த பொண்ணையும் வித்துடுவீங்களா? ச்சீ!”

அவள் என்னை ‘ச்சீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் வந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. கத்திக்கொண்டிருக்கும்போதே போனில் குடும்பக் குரூப் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. சிரிக்கிற மூஞ்சிகள், வரிசையாக. யாரோ ஒருவன் ‘செம’ என்று போட்டிருந்தான். கேவலம், அந்த நேரத்திலும் அது எனக்கு இனித்தது.

கொஞ்சம் ஆறிய பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனேன். படம் அவள் மேஜை மேல் இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கொடு பாப்பா, அந்தக் கோட்டை அழிச்சிடறேன்.”

“அழிக்காதீங்க. நல்லா வந்திருக்கு.” தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். “மத்த இடத்துல எல்லாம் அழிச்சு அழிச்சுப் போட்டிருக்கீங்க. இந்த ஒரு கோடு மட்டும் ஒரே இழுப்பு.”

“ஆமா.”

“இதைப் போடும்போது நீங்க தலையை நிமிர்த்தவே இல்ல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பாராட்டுகிறாள் என்றுதான் அந்த மடையன் நினைத்தான். மடையன் என்றால் நான்தான்.

“அதுக்கு எதுக்குடா நிமிர்ந்து பார்க்கணும்? கண்ணை மூடிக்கிட்டே போடுவேனே. எங்க ஆரம்பிக்குது, எங்க வளையுது, எங்க இழுக்குது, எல்லாம் மனசுல அச்சடிச்ச மாதிரி இருக்கு.”

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“வெளியில யாரு என்கிட்டப் பேசினாலும் அவங்க கண்ணு ஒரு தடவை இங்க வந்துட்டுப் போகும்பா. டீச்சர், டாக்டர், கடைக்காரர், எல்லாரும். அம்மாகூட. உங்க கண்ணு மட்டும் வந்ததே இல்ல. ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போனவர், உங்களுக்குத் தெரியாதுன்னு இல்ல. பழகிப்போய் உங்களுக்கு இப்ப அது கண்ணுலயே படறதில்லன்னு நினைச்சிட்டு இருந்தேன். வரைய ஆரம்பிச்சா தேடிப் பார்ப்பீங்க, அப்புறம் படும். அதனாலதான் வேணாம்னு சொன்னேன்.”

“பாப்பா...”

“நீங்க தேடவே இல்லப்பா.”

என் கையில் ரப்பர் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே சாயல் சரியாக விழுந்த படம் அது ஒன்றுதான். அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வரேன்பா,” என்றாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் முகத்தைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டு சொன்னாள், வெளி ஆட்களிடம் பேசும்போது திருப்பிக்கொள்வாளே, அந்த அளவுக்கு. இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் என்னிடம் அப்படித்தான் பேசுகிறாள்.