ஆறாவது ஆள்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. முறிந்த மணிக்கட்டோடு, ஐந்து வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பையுடன் புருஷன் வீட்டை விட்டு வெளியேறியவள் நான். அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஓசி நடன வகுப்பில் கால் உதறியது என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாணவர் சேர்க்கையைப் புது மென்பொருளில் பதிவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி, வேற்றூரில். என்னையும் கணக்கு டீச்சரையும் அனுப்பினார்கள். மகளை எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். தங்கிய ஓட்டலின் லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: மாலை ஏழு மணிக்குச் சல்சா என்கிற ஜோடி நடனத்துக்கு முதல்படி வகுப்பு, அப்புறம் மொட்டைமாடியில் ஆட்டம், தங்குபவர்களுக்கு இலவசம். கணக்கு டீச்சருக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது.

"சும்மாதானே கத்துத் தராங்க, வாடி. ரூம்ல உக்காந்து சுவத்தையா பாக்கப் போற?"

"டீச்சர், எனக்கு நடக்கறதே ஒழுங்கா வராது."

"அப்ப ஆடக் கத்துக்கோ. நடை தன்னால வந்துடும்."

சாப்பாட்டு ஹாலில்தான் வகுப்பு. மேஜைகளை ஓரம் தள்ளி, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். தரையில் இன்னும் துடைத்த ஈரம் காயவில்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள்; டோக்கன் டீச்சரிடம். அப்புறம் ஒரு பெண் ஆளுக்கொரு ஸ்டிக்கரும் பேனாவும் நீட்டினாள்.

"பேரு வேணாம் மேடம், யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. என்ன வேலை, எந்த ஊர். அது போதும்."

மேலே 'பள்ளி அலுவலகம்' என்று எழுதினேன். கீழே ஊர்ப் பெயர். மூன்று வருஷமாக எந்தக் காகிதத்திலும் பத்து தடவை யோசிக்காமல் ஊரை எழுதாதவள், அன்றைக்கு அதைக் கொட்டை எழுத்தில் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

மாஸ்டருக்கு நல்ல தொப்பை. ஆனால் ஆட ஆரம்பித்தால் அந்த மனிதருக்கு எடையே கிடையாது. "ஒண்ணு ரெண்டு மூணு. அஞ்சு ஆறு ஏழு" என்று எண்ணிக் காட்டினார்.

"நாலு எங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

"நாலுல நிக்கணும் மேடம். மூச்சு விடுங்க."

"எட்டுல?"

"எட்டுலயும் மூச்சுதான்."

"இந்தக் கணக்க என் பிள்ளைங்க போட்டா முட்டி போட வச்சிருப்பேன்."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

இருபது ஜோடி இருக்கும், பெரிய வட்டமாக நிறுத்தினார். பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மாஸ்டர் "மாத்து!" என்றால் ஆண்கள் மட்டும் ஓர் இடம் நகர்ந்து அடுத்த பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும். யாருக்கும் நிரந்தர ஜோடி கிடையாது. அப்படி ஆடினால்தான் வருமாம். ஒரு புதுப்பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. தன் புருஷன் இன்னொருத்தியின் முதுகில் கை வைத்ததும் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். மாஸ்டர் மைக்கோடு ஓடிப்போய் மறித்து, "வட்டத்த உடைக்கக் கூடாது! எல்லாரும் இவங்களுக்கு ஒரு கைதட்டு!" என்று நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நாற்பது பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பாவம், வெட்கத்தில் சிவந்துபோய் மறுபடி தன் இடத்துக்கே போனாள்.

எனக்கு முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். கை சில்லென்று இருந்தது. இரண்டு சுற்று ஆடினோம். மூன்றாவது சுற்றில் கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடியில் ஒருவர் கைக்குட்டையை நாலாக மடித்துப் பிடரியில் ஒற்றிக்கொண்டிருந்தார். மடித்தார், ஒற்றினார், திரும்ப மடித்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அந்தக் கைக்குட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டவள் நான்.

பெரியவர். என் புருஷனின் அண்ணன். அந்த வீட்டில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். தம்பி கை ஓங்குகிற ஆள். அண்ணன் ஓங்க மாட்டார், ஓங்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. தம்பி என் வலது மணிக்கட்டை முறித்தபோது இவர் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் வெளிய கேக்குது" என்று மட்டும் சொன்னார். நான் வெளியேறிய மறுநாள் என் கூடப்பிறந்த தம்பிக்குப் போன் செய்தவரும் இவர்தான். "அது எங்க வீட்டுக் குழந்தை. எத்தன வருஷம் ஆனாலும் சரி, எந்த ஊருன்னு தெரிஞ்ச அன்னிக்கே தூக்கிட்டு வந்துடுவேன்." சொன்னால் செய்கிற மனிதர். அதற்கப்புறம் நான் மூன்று ஊர் மாறினேன். நம்பர் மாற்றினேன், முடியை வெட்டிக்கொண்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டேன், பாதியாக இளைத்தேன். மகளிடம் அப்பா பெயரை வெளியே சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன்.

அவருக்குத் தேவைப்பட்டது ஊரின் பெயர் ஒன்றுதான். அது என் நெஞ்சில் ஒட்டியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஐந்து ஆண்கள். ஆறாவது மாற்றில் அவர் என் கையைப் பிடிப்பார்.

"மாத்து!"

வந்தவர் லாரி கம்பெனி மேனேஜர். நான் அவர் காலை மிதித்தேன், அவர் என் காலை மிதித்தார். எனக்கு வலிக்கவே இல்லை. வாசல் எங்கே என்று பார்த்தேன். பெரியவருக்கு நேர் பின்னால் இருந்தது. ஓடினால் மாஸ்டர் மைக்கோடு வருவார், நடுவில் நிறுத்துவார், நாற்பது பேர் கைதட்டுவார்கள். அந்த நாற்பதில் அவரும் ஒருவர்.

"மாத்து!"

இந்தத் தடவை ஒரு கல்லூரிப் பையன். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அவன் தோளில் வைக்க வேண்டிய இடது கையை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டினேன். சனியன், அப்படி ஒரு பசை. நகம் மடங்கியதுதான் மிச்சம், ஓரம் மட்டும் கொஞ்சம் எழும்பியது.

"மாத்து!"

மூன்றாமவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நன்றாக ஆடினார், அது வேறு கஷ்டம். சுற்றிவிட்டார். சுற்றும்போது பெரியவரின் முகம் ஒரு தடவை வந்து போனது. திரும்பி நின்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கீழ்ப்பாதி கிழிந்து, ஊரின் பெயர் அப்படியே என் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், விழவில்லை. தரையில் போட்டால் அடுத்து வருகிறவர் ஷூவில் ஒட்டிக்கொண்டு வட்டம் முழுக்க ஊர்வலம் போகும். ஒன்றும் தோன்றவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா, பசியா?" என்றார் தபால்காரர்.

தலையை ஆட்டினேன். மென்றேன். பசை குமட்டியது. நான் பிழைக்கிற ஊரை நானே தின்று விழுங்கினேன்.

நாலாவது ஆள், ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. மகள் முகம்தான் கண்முன் நின்றது. இந்த நேரத்துக்கு நர்ஸ் அக்கா வீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். கடவுளே, ஒரே ஒரு தடவை கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெளிச்சம் இன்னும் அதிகமாகத்தான் ஆனது.

"மாத்து!"

தம்பி முறித்த மணிக்கட்டை அண்ணன் வந்து பிடித்தார்.

நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஸ்டிக்கரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "ஒண்ணு ரெண்டு மூணு" என்று உதடு அசைந்தது. நாலில் நிற்காமல் வந்து என் காலை மிதித்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தெரிந்துகொண்டுதான் நடிக்கிறாரோ? வெளியே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிறாரோ? எலியைப் பூனை விட்டுப் பிடிக்குமே, அதுதானா இது?

"ஸ்கூல்லயா வேலை?" என்றார்.

குரலைக் காட்டினால் முடிந்தது கதை. தினமும் மூன்று வேளை அவரைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். தலையை மட்டும் ஆட்டினேன். "பேச மாட்டீங்களா?" என்று சிரித்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரலே இல்லாமல் வெறும் காற்றாக, "தொண்டை கட்டிடுச்சு" என்றேன்.

"மாத்து!"

அவர் கை விட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் டீச்சரைத் தேடினேன். அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட வேண்டும், விடிவதற்குள் கிளம்ப வேண்டும். டீச்சரைக் காணோம். "உங்க கூட வந்தவங்களா? ரெண்டு பையும் வாங்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்களே" என்றாள் வாசலில் இருந்த பெண். என் போன், அறைச் சாவி, எல்லாம் அந்தப் பையில். டீச்சரை மனதார நாலு திட்டுத் திட்டிக்கொண்டே படியேறினேன்.

மொட்டைமாடியில் குட்டிக் குட்டி விளக்குகள், காதைக் கிழிக்கும் பாட்டு. கணக்கு டீச்சர் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பல் டாக்டரோடு சுழன்றுகொண்டிருந்தார். நான் அவரை நோக்கி நடந்தேன். பாதி தூரம்தான் போயிருப்பேன்.

"ஒரு நிமிஷம்ங்க."

திரும்பினேன். பெரியவர். கையில் போன்.

அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தேன். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவர்தான் கிடைத்தது.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க ஸ்கூல் ஆபீஸ்னு பாத்தேன். ஒரு உதவி." போனை என் முன்னால் நீட்டினார். "இவங்கள எங்கயாவது பாத்திருக்கீங்களா? குழந்தைய சேர்க்க வந்திருப்பாங்க."

படத்தில் நான் இருந்தேன். கல்யாணப் படம். கொழுகொழுவென்று, தலை நிறையப் பூவோடு, குனிந்துகொண்டு. விரலால் தள்ளினார். அடுத்தது என் மகள், நாலு வயதில், முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்தப் படம் என்னிடம் இல்லை. கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"தம்பி பொண்டாட்டிங்க. குழந்தையத் தூக்கிட்டு ஓடிட்டா. எப்படியும் எங்கயாவது ஒரு ஸ்கூல்ல சேர்த்துத்தானே ஆகணும்? வியாபாரமா ஊர் ஊராப் போறேன், ஸ்கூல்காரங்க யாரப் பாத்தாலும் கேட்டுடறது. என்னைக்காவது ஒருநாள் சிக்குவா."

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க எந்த ஊரு?"

நான் ஜன்மத்தில் கால் வைக்காத, நாட்டின் மறுகோடியில் இருக்கிற ஓர் ஊரின் பெயரைக் காற்றாகச் சொன்னேன்.

"அடடா, அந்தப் பக்கம் இன்னும் போகலையே" என்று அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

அதோடு நான் போயிருக்க வேண்டும். டீச்சர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். பை தெரிந்தது. புத்தியுள்ள எவளும் போயிருப்பாள். ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. பாடாவதிக் கோபம்.

"போட்டோ பழசு" என்றேன், காற்றாகவே. "நேர்ல பாத்தா எப்படித் தெரியும்? ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

"அடையாளமா?" கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் மூச்சு விடவில்லை.

"அடையாளம்னு என்னத்தச் சொல்ல... உயரமா குள்ளமான்னு கூட சரியா நினைவில்லங்க. சாதாரணமா இருப்பா." கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ பிடிபட்டது போல முகம் மலர்ந்தது. "நல்லா சமைப்பா."

ஒன்பது வருஷம்.

"கஷ்டம்தான் சார்" என்றேன். "அப்படி நிறைய பேர் இருக்காங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காற்றாகச் சொல்லவில்லை. என் சொந்தக் குரலில், பாட்டையும் மீறிக் கேட்கிற மாதிரி, அந்த வீட்டில் எப்படிப் பேசினேனோ அப்படியே சொல்லிவிட்டேன். ஓடக்கூட முடியாமல் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"ஆமாங்க, நிறைய பேர் இருக்காங்க" என்றார் பெரியவர். "தொண்டைக்கு வெந்நீர் குடிங்க." போனைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் படத்தைக் காட்டப் போனார்.