திங்கட்கிழமை மட்டும் வராத விலை

தொடர்ந்து நாலாவது திங்கட்கிழமையாக எங்கள் ஆபீஸ் டிவியில் வெள்ளிக்கிழமை விலை ஓடியது. ஓடியது என்பதே தப்பு. நின்றது. மார்க்கெட் திறந்து ஐந்து நிமிஷம் ஆகியும் ஒரு எண்கூட அசையவில்லை.

"ஏனுங்க அம்மணி, என்ர பங்கு வெள்ளிக்கிழமையே குந்துனது, இன்னும் எந்திரிக்கல. கொஞ்சம் தட்டி உடுங்க," என்றார் சாந்தாமணி அம்மா. ரிட்டயர்ட் டீச்சர். தினமும் முதல் ஆளாக வந்து டிவிக்கு நேர் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். பங்குக்காக வருகிறாரா ஏசிக்காக வருகிறாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பீளமேட்டில் ஒரு மாடியில் இருக்கிறது ஆபீஸ். பெரிய புரோக்கர் கம்பெனி ஒன்றின் ஏஜென்சி. முதலாளி வெங்கடபதி சார். அவர் தாத்தா மில் கட்டினார், அப்பா மில்லை விற்றார், இவர் பங்கு விற்கிறார். மகன் சசிதர் லண்டனில் ஒரு வருஷம் எம்.பி.ஏ. படித்து வந்தவன். எது புரியாமல் போனாலும் "ஆர்க்கிடெக்சர் சரியில்ல" என்பான்.

நான் லோகப்பிரியா, சூலூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தறிக்குடோனில் தறி ஓட்டுகிறார்கள். எங்கள் சொந்தத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்த டிவியில் விலை ஓடுவதற்கான புரோகிராமை எழுதியதும் நான்தான். அதனால் ஓடாவிட்டால் குற்றவாளியும் நான்தான். அடுத்த திங்கட்கிழமையோடு என் ஆறு மாசப் பயிற்சிக் காலம் முடிகிறது. பர்மனென்ட் லெட்டர் கையில் வந்தால் வீட்டில் இரண்டு வருஷம் வாயைத் திறக்க மாட்டார்கள். வராவிட்டால் மதுக்கரையில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறார். ரெண்டு லாரி வைத்திருக்கிறார். என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளைங்களா? பரவால்லைங்க, அனுசரிச்சுக்கலாம்" என்றாராம். மகான்.

டிவிக்கு விலை வருவது வெப்சாக்கெட் என்கிற இணைப்பு வழியாக. அது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. சாதாரண வெப்சைட்டை ஒவ்வொரு தடவையும் நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லிவிட்டு போனை வைத்துவிடும். வெப்சாக்கெட் போனை வைப்பதே இல்லை. என் மேட்டுப்பாளையத்து அத்தை மாதிரி. ஒரு தடவை எடுத்துவிட்டால் போதும், நாம் 'உம்' கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் சேதி வந்துகொண்டே இருக்கும். லைன் அறுந்தால் திரும்பக் கூப்பிடுகிற வேலையை நான் சேர்த்திருந்த கிளையன்ட் லைப்ரரி என்ற ரெடிமேட் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அதுவும் அத்தை மாதிரியேதான். எதிராளி கதவைச் சாத்தினாலும் சளைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

திங்கட்கிழமைகளில் அதுதான் நடந்தது. நம் ஆள் கூப்பிடுகிறார், புரோக்கர் கம்பெனியின் சர்வர் 'அனுமதி இல்லை' என்கிறது, திரும்பக் கூப்பிடுகிறார், திரும்பவும் 'அனுமதி இல்லை'. டிவியில் பழைய விலை சிலை மாதிரி நிற்கிறது. அனுமதிக்கு ஒரு டோக்கன் வேண்டும். தினமும் காலையில் வெங்கடபதி சார் தன் போனில் லாகின் செய்து, ஓடிபி போட்டால்தான் அது கிடைக்கும். அவர் போட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார். நானும் பார்த்தேன், டோக்கனில் அன்றைய தேதிதான் இருந்தது.

பத்து மணி வாக்கில் தானாகச் சரியாகும். அதற்குள் சசிதர் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வருவான், ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி.

இந்தத் தடவை ஒரு மெயிலும் போட்டான். லோகப்பிரியாவின் வேலைத் தரம் திருப்தியாக இல்லையாம். அடுத்த திங்களும் இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்கலாமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு மூன்று நாள் வேறு வேலையைத் தொடவில்லை. சர்வர் எழுதி வைத்திருந்த ஆறு மாசத்து லாகையும் வரி வரியாகப் படித்தேன். வியாழக்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே, அது கண்ணில் பட்டது. மற்ற நாளெல்லாம் டோக்கன் எட்டரை, எட்டே முக்காலுக்கு வாங்கியிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் ஏழு பன்னிரண்டு, ஏழு பதினாறு, ஏழு பதினாலு, ஏழு பத்து. போன மாசம் வரைக்கும் திங்களும் எட்டரைதான். புரோக்கர் கம்பெனியின் விளக்கக் குறிப்பை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்கக் கூடாது என்றே போட்ட மாதிரி ஒரு வரி: தினமும் காலை ஏழரை மணிக்கு அதுவரை கொடுத்த டோக்கன்கள் எல்லாம் ரத்து.

நான் தேதியைப் பார்த்தேனே தவிர மணியைப் பார்க்கவில்லை. அது என் தப்பு. ஆனால் ஏழு பத்துக்கு எந்த மனுஷன் லாகின் போடுவான்?

நேராக வெங்கடபதி சார் ரூமுக்குப் போனேன். சசிதரும் அங்கேதான் இருந்தான்.

"ஏனுங்க சார், திங்கட்கிழமை மட்டும் ஏன் ஏழேகாலுக்கே லாகின் போடறீங்க?"

"ஏழரைக்கு ராகு காலம் வந்துருதில்ல கண்ணு. ஒம்பது வரைக்கும் இருக்குது. போன மாசம் ஜோசியர்தான் சொன்னாரு, வாரத்துல மொத காரியத்த அதுல தொடாதீங்கன்னு. முன்னாடியே செஞ்சுபோட்டா ஒரு நிம்மதி."

"ஏழரைக்கு அந்த டோக்கன் செத்துப் போயிருதுங்க."

"ஆரு கொல்றா?"

"புரோக்கர் கம்பெனி சர்வருங்க. ஏழரை அடிச்சா பழசையெல்லாம் ரத்துப் பண்ணிப்போடும்."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, அவனுக்கும் ராகு காலம் தெரிஞ்சிருக்குது!"

"திங்கக்கெழம மட்டுமில்லீங்க, தெனமுமே அப்படித்தானுங்க."

"அப்பா, அவ தப்ப மறைக்க உங்க நம்பிக்கையக் குத்தம் சொல்றா," என்றான் சசிதர். "நான் ரீஸ்டார்ட் பண்ணித்தானே சரியாகுது?"

"நீங்க ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டிவி ஓடலீன்னு சார் மறுபடியும் ஒருக்கா லாகின் போடறாருங்க. நாலு திங்களும் லாக்ல இருக்குது. காட்டட்டுங்களா? நீங்க விசில் ஊதறதுக்கு முன்னாடியே பஸ் கெளம்பீருச்சுங்க."

வெங்கடபதி சார் தலையை ஆட்டினார். "அதெல்லாம் சரி அம்மணி. ராகு காலத்துல நான் போனத் தொட மாட்டேன்."

"தொட வேண்டாங்க. ஒம்பது ஒண்ணுக்குத் தொடுங்க. மார்க்கெட் ஒம்பதே காலுக்குத்தான். ஆனா அன்னைக்கு ஆரும் ரீஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்க. அப்படியும் ஓடலீன்னா நான் லெட்டரே கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் மதுக்கரை லாரி ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை. ஒன்பது மணி ஆனதும் வெங்கடபதி சார் போனைக் கற்பூரத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தார். "கடியாரம் முன்னப் பின்ன இருக்கும், இன்னொரு நிமிஷம் போவட்டும்," என்று ஒன்பது இரண்டுக்குத்தான் தொட்டார்.

ஓடிபி வரவில்லை.

ஒன்பது நாலு. ஒன்பது ஆறு. மறுபடியும் அனுப்பச் சொல்லி அழுத்தினார். சசிதர் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "மதுக்கரைல காத்து கொஞ்சம் தூசியா இருக்கும்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். மாப்பிள்ளை கதையை எவனிடம் கேட்டானோ. "லண்டன்ல காத்து நல்லாத்தான இருந்துச்சு, ஏன் வந்தீங்க?" என்றேன்.

ஒன்பது பதினொன்றுக்கு ஓடிபி வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். டோக்கன் வந்தது. என் லைப்ரரி கூப்பிட்டது. அந்தப் பக்கம் முதல் தடவையிலேயே எடுத்தார்கள்.

ஒன்பதே கால். டிவியில் ஒரு எண் துடித்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் மொத்தத் திரையும் சிவப்பும் பச்சையுமாகப் பொரிய ஆரம்பித்தது.

"எந்திரிச்சிருச்சு!" என்று சாந்தாமணி அம்மா கை தட்டினார். அடுத்த நொடியே, "ஏனுங்க, எறங்குதே!"

"ஓட வெக்கறதுதானுங்க என்ர வேலை. ஏத்தி உடறது இல்லைங்க."

வெங்கடபதி சார் ஹாலின் நடுவில் நின்று எல்லோரையும் பார்த்தார். "பாத்தீங்களா? ராகு காலம் முடிஞ்சு தொட்டேன், தண்ணியாட்டம் ஓடுது. இத்தன நாள் அதுக்கு முன்னாடியே அவசரப்பட்டது என்ர தப்பு."

எல்லோரும் பக்தியோடு தலையாட்டினார்கள். "நானும் அதத்தான் சொல்லீட்டு இருந்தேன்," என்றான் சசிதர்.

கீபோர்டைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். போட்டால் லெட்டர் வராது. உள்ளே போய் லெட்டரை நானே டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, அவர் மேஜையில் வைத்தேன்.

"இப்ப என்னுங்க அவசரம் அம்மணி? மெதுவாப் பாத்துக்கலாம்."

"மணி பத்து இருவத்தி நாலுங்க சார். பத்தரைக்கு எமகண்டம். பன்னெண்டு வரைக்கும் ஆகாதுங்க. நாளைக்குச் செவ்வாய். புதன் அஷ்டமி, வியாழன் நவமி. நானும் காலண்டர் பாத்துட்டுத்தான் வந்தேங்க."

அவர் என்னைப் பார்த்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சசி! அந்த சீல எடுத்துட்டு வாடா. ஓடு!"

சசிதர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீல் விழுந்தது. பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, கீழே தேதி எழுதினார் வெங்கடபதி சார்.

"மணியும் போடுங்க சார்," என்றேன்.